பந்தி வஞ்சனை

குட்டையின் நடுவே வலை கட்டியிருந்தது. வலைக்கு இந்தப் பக்கத்து மீனும் அந்தப் பக்கத்து மீனும் ஒன்றுபோலத் துள்ளின. மீன் துள்ளுவதைப் பார்த்துக் கவலைப்பட்ட மீன் வளர்ப்புக்காரி நான் ஒருத்திதான் இருப்பேன்.

விஷயம் இதுதான். 2007-ல், மாமல்லபுரம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊர்க் குட்டையில், பதினோரு பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஜிலேபிக் கெண்டை விட்டிருந்தோம். கால்வாய்த் தண்ணீரோடு கேரி பேக்கும் தண்ணீர் பாக்கெட் உறையும் வந்து சேரும். எவ்வளவு வாரிக் கொட்டினாலும், நைந்து துணுக்கானதை மீன்கள் தின்றுவிடும். செத்து மிதந்த ஒன்றை அறுத்துப் பார்த்தேன். குடலில் நீலத் துணுக்கு, ஈரல் வெளுத்து மஞ்சளாக. இது காமாலைதான் என்று தீர்மானித்துவிட்டேன். காமாலைக்கு எங்களுக்குத் தெரிந்தது கீழாநெல்லி. வரப்பில் பறித்து அரைத்து, தவிடும் கடலைப் புண்ணாக்கும் சேர்த்துப் பிசைந்து, உருட்டிப் போட ஆரம்பித்தோம்.

மீன்வள ஆய்வாளர் ஜானகிராமன் சாரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. வலை கட்டச் சொன்னவர் அவர்தான்.

"மேற்குப் பக்கம் மூலிகை உருண்டை, கிழக்குப் பக்கம் வெறும் உருண்டை. நாற்பத்தஞ்சு நாள் பார்ப்போம். வித்தியாசம் தெரிஞ்சா, சுத்துவட்டாரக் குட்டைக்கெல்லாம் தீவனம் செய்யற வேலையை உங்க குழுவுக்கே வாங்கித் தர்றேன்" என்றார்.

பதினோரு பேரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். எங்களுக்கென்று ஒரு தொழில்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குழுத் தலைவி நான்தான். கிழக்கே ஒரு இலை விழுந்தாலும் தொலைத்துவிடுவேன் என்று எல்லாரையும் மிரட்டி வைத்தேன்.

நாற்பத்தைந்தாம் நாள் சார் வந்தார். பக்கத்துக்கு மூன்று மீனாக அறுத்தார். ஆறு ஈரலும் செக்கச்செவேல் என்று இருந்தன.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு. அப்போ இது மருந்தால இல்லை, தானா சரியாகியிருக்கு" என்று நோட்டை மூடினார். போச்சு. எல்லாம் போச்சு.

திரும்பிப் பார்த்தேன். குழுவில் மூத்தவளான தெய்வநாயகி அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"யக்கா, இன்னா பண்ணி வெச்ச?"

"இன்னாத்த பண்ணிட்டேன்? கெயக்கால கீறதும் வாயத் தொறந்துகினுதான வருது? அதுங்களுக்கு மட்டும் வெறுந்தவுடு போட எனுக்குக் கை வரல ஹெலனு. பந்தி வஞ்சனை பண்ணலாமா? நம்மள தனியா குந்த வெச்சு மிச்சத்தப் போட்டாங்களே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. மறக்காததால்தான், தலைவி என்ற கெத்தையும் விட்டுவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் நானும் கிழக்கே நாலு மூலிகை உருண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"நானுந்தான் சார்" என்றேன். பின்னாலிருந்து லோகநாயகி, "நானும்" என்றாள். அப்புறம் சந்திரம்மா. அப்புறம் வரிசையாக எல்லாரும்.

சார் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "பதினோரு பேருமா? அப்போ மருந்து சாப்பிடாத மீன் ஒண்ணுகூட இல்லையா? எதோட ஒப்பிட்டு நான் எழுதறது?"

அந்தக் கேள்வியில் எனக்குப் பொறி தட்டியது.

"கீது சார்! பக்கத்துல கண்ணாயிரம் அண்ணாத்த குட்டை! அதே கால்வா, அதே கவரு. ஒரே லாரில வந்த குஞ்சு சார், ஒரே நாள்ல வுட்டோம்!"

ஓடினோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பதினோரு பேர், நடுவில் கையில் கத்தியோடு சார். கண்ணாயிரம் வெலவெலத்துப்போய், "இன்னா சார், இன்னா ஆச்சு?" என்று எழுந்தார். விவரம் சொல்லி, அவரே வலை வீசிப் பிடித்துக் கொடுத்த மூன்று மீனை சார் அறுத்தார்.

மஞ்சள். மூன்றும் வெளிறிய மஞ்சள்.

"மஞ்சக் கலரு சார்!" என்று கத்தியே விட்டேன். லோகநாயகி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். சார், "இன்னும் நாலு குட்டையில பார்க்கணும்மா. ஆனா அதுக்கெல்லாம் தீவனம் நீங்கதான். இப்பவே எழுதறேன்" என்று நோட்டைத் திறந்தார்.

அவர் பாதி எழுதுவதற்குள் தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம். தெய்வநாயகி அக்கா மடியிலிருந்து இரண்டாவது உருண்டையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, பொறுங்கம்மா! எழுதி முடிச்சிடறேன்!" என்று சார் அலறினார்.

"நீ எய்து சார். அதுங்க துன்னட்டும்."

சார் அவளைப் பார்த்தார். குட்டையைப் பார்த்தார். அவசர அவசரமாக எழுதி முடித்து, பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். பிறகு அவளிடம் கையை நீட்டினார்.

"அந்த மூலைக்கு இன்னும் யாரும் போடலையே. எனக்கும் ரெண்டு குடுங்க."