மூடிய கட்டம்

தங்கைக்கு முதுகைக் காட்டி டோரீன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் துக்கத்துக்குப் பூசிய வெள்ளை மண் காய்ந்து வெடித்திருந்தது. நாற்காலியைத் தள்ளி வந்த வெஸ்லியும் நூலக ஜன்னல் பக்கம் திரும்பி, வறண்ட ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கை ரோசலின் மட்டும் நூலகத்தின் தொடுதிரையைப் பார்த்தாக வேண்டும். அதை வடிவமைத்தவள் அவள்தான். நகரத்து அருங்காட்சியகப் பெட்டிகளில் கிடந்த பழைய பள்ளிக்கூடப் படங்களெல்லாம் அதில் முகம் முகமாக விரிந்திருந்தன. பெயரைத் தட்டித் தேடும் வசதியை அவள் வைக்கவில்லை. துக்கம் தீரும்வரை இறந்தவர் பெயரைச் சொல்வதும் படத்தைப் பார்ப்பதும் கூடாது என்பது அவர்கள் பழங்குடி வழக்கம்; அந்தப் பெயரை இங்கே யார் தட்டுவார்கள்? ஒரு முகத்தைத் தொட்டால் அவருடைய உறவுகள் சுற்றிலும் வருவார்கள். துக்க வீட்டார் கேட்டால் அந்த முகத்தை மூடிவிடலாம். அதற்கு முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். தவறிக் கை பட்டு யாரும் மூடிவிடக் கூடாதென்று அவள்தான் அப்படி வைத்திருந்தாள்.

இப்போது மூட வேண்டியது டோரீனின் மகனை. வண்டி கவிழ்ந்து போனவன். அக்காள் பிள்ளை என்றால் அவளுக்கும் பிள்ளைதான். அவனுடைய சிறுவயதுப் படம் உலகத்தில் இது ஒன்றே. வீட்டில் இருந்ததை வெள்ளம் கொண்டு போயிற்று. முன்பல் இல்லாமல் சிரித்தான். கன்னத்தில் விரலை வைத்தாள். எடுக்க முடியாது. எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முகம் மெல்ல மங்கிப் போயிற்று.

"ஆச்சுக்கா."

டோரீன் நாற்காலியைத் திருப்பச் சொன்னாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க?"

"மூடிட்டேன்."

"மூடினது எங்கன்னு கேக்கறேன். கூடப் படிச்ச லியோனார்டு பக்கத்துல நின்னான் என் புள்ள. இப்ப எவளோ நிக்கறா."

ஒரு முகம் போனால் அடுத்தது வழுக்கி வந்து இடத்தை நிரப்பும். நகரத்தில் அதைக் காட்டியபோது கைதட்டினார்கள்.

"ஓட்டை தெரியக் கூடாதுன்னு வச்சேன்."

"ஏன் தெரியக் கூடாது? செத்தவன் வீட்டைப் புகை போட்டுப் பூட்டி வைக்கிறோம். மறுநாளே ஆளைக் குடி வைப்பியா, ரோசி? அவன் பொறக்கவே இல்லாத மாதிரி பண்ணிட்டியே."

தாங்க முடியாமல் வெஸ்லிதான் பேசினான்.

"கடைக்காரனுக்கும் அவன் பேருதான், சொல்ல முடியல. இப்பல்லாம் 'ஏய் மீசை'ன்னு கூப்பிடறோம். அவனுக்கு மீசையே இல்ல."

டோரீன் மூக்கால் சிரித்தாள். பிறகு, "திரும்ப எப்பத் திறப்ப?" என்றாள்.

"நீ சொல்லும்போது."

"நான் இல்லாட்டி?"

கட்டுப் போட்டிருந்த அவள் கையைப் பார்த்துவிட்டு ரோசலின் பார்வையை விலக்கிக்கொண்டாள். டயாலிசிஸுக்கு நேரமாகிவிட்டது என்றான் வெஸ்லி.

அவர்கள் போனபின் வேலையில் உட்கார்ந்தாள். வழுக்கி வரும் முகங்களை நிறுத்தினாள். லியோனார்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாயிற்று. கறுப்பு வைத்துப் பார்த்து அழித்தாள். ஆற்று மணலின் நிறத்தை வைத்தாள். பழக்கத்தில், தொட்டால் ஒரு வாசகம் வரட்டும் என்று எழுதத் தொடங்கினாள். நான்கு விதமாக எழுதி நான்கையும் நீக்கினாள். இத்தனை வருஷமாக விரல் பட்டதும் ஏதாவது நடக்கிற மாதிரிதான் செய்து வந்திருக்கிறாள். ஒன்றுமே நடக்காமல் செய்ய மாலை வரை ஆயிற்று.

சிகிச்சை முடிந்து வந்த டோரீன் களைத்திருந்தாள். நெற்றி வேர்த்து மண் கரைந்திருந்தது. துடைத்துக்கொண்ட கையை அப்படியே அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள். சுற்றிலும் முகங்கள் அசையாமல் நின்றன.

"கெட்டுப் போச்சா?" என்றான் வெஸ்லி மெதுவாக.

"இல்ல," என்றாள் ரோசலின்.

டோரீன் கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்து, வெஸ்லியிடம் நாற்காலியைத் திருப்பச் சொல்லிக் கிளம்பினாள்.

பூட்டும் முன் கண்ணாடியைத் துடைப்பது ரோசலினின் வேலை. ஓரங்களைத் துடைத்தாள். லியோனார்டைத் துடைத்தாள். நடுவில் வெள்ளை மண்ணில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. துணி அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று.