அடித்ததும் குனியும் ஆட்டக்காரர்கள்

ஓசாகாவுல எங்க கம்பெனி பேஸ்பால் வீடியோ கேம் போட ஆரம்பிச்சு இருபத்தாறு வருஷம். ஆட்டக்காரங்க கை, கால் அசைவையெல்லாம் ஆளுங்க உட்கார்ந்து ஒவ்வொரு படமா செஞ்சுக்கிட்டிருந்தாங்க. நிஜ ஆட்டக்காரங்களைக் கேமராவுல பிடிச்சு, கம்ப்யூட்டரையே கத்துக்க விடலாம்னு மூணு வருஷமா தொண்டை கிழியக் கத்தினவ நான், ஹிராயாமா. இயக்குநர் கமேதா சார் ஒருவழியாத் தலையாட்டினார். "வெள்ளிக்கிழமை கம்பெனித் தலைவர் வந்து விளையாடிப் பார்ப்பார். சொதப்பினா பழைய முறைதான். உன் குழுவையும் கலைச்சிடுவேன்."

செவ்வாய்க்கிழமை முதல்தடவை ஓட்டிப் பார்த்தோம். திரையில ஆட்டக்காரன் மட்டையை வீசினான் பாருங்க, அச்சு அசல் மனுஷன். பந்து எகிறிப் பறந்துச்சு. அடிச்சவன் ஓடணுமில்ல? ஹெல்மெட்டைக் கழட்டி, இடுப்பை வளைச்சு, பவ்யமா ஒரு வணக்கம் போட்டுட்டு அப்புறம்தான் ஓடினான். அதுக்குள்ள அவுட். அடுத்தவனும் அப்படியே. கியூபா டீம்காரனும் அப்படியே.

"ஒழுக்கத்துக்குக் கோப்பை குடுத்தா நமக்குத்தான்க்கா" என்று பக்கத்து சீட்டு நோசே சிரிச்சான்.

கேமரா முன்னாடி ஆடிக் காட்ட வந்த நாலு பேரும் காலேஜ் பேஸ்பால் கிளப் பசங்க. மைதானத்துக்குள்ள நுழைஞ்சா வணக்கம், வெளிய போனா வணக்கம், பயிற்சியாளர் இருமினாக்கூட வணக்கம்னு வளர்ந்ததுங்க. ஒவ்வொரு வீச்சு முடிஞ்சதும் குனிஞ்சிருக்குங்க. கம்ப்யூட்டர் அதையும் ஆட்டம்னு நம்பிக் கத்துக்கிச்சு. குனியிற இடத்தை வெட்டிப் பார்த்தோம். வீச்சு முடியறதுக்கு முன்னாடியே முதுகு வளைய ஆரம்பிச்சிருந்ததால ஒண்ணும் தேறலை.

புதன்கிழமை அவங்களைத் திரும்பக் கூப்பிட்டேன். "தம்பிகளா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அடிச்சுட்டுக் குனியாதீங்க."

"சரிங்க்கா" என்று நாலு பேரும் குனிஞ்சாங்க.

பத்து வீச்சு, பத்து வணக்கம். தலையில அடிச்சுக்கிட்டேன். அப்பத்தான் கவனிச்சேன், எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக் குனியறாங்க. அங்க கையைக் கட்டிக்கிட்டு நின்னது கமேதா சார். படம் பிடிச்ச முதல் நாள்லேருந்து அங்கதான் நிக்கிறார். அந்த மூஞ்சியைப் பார்த்தா எவனுக்குத்தான் பயிற்சியாளர் ஞாபகம் வராது?

மேலதிகாரியை வெளிய போகச் சொல்றது எங்க ஊர்ல லேசுப்பட்ட காரியமில்லை. ஆனா வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி ஒரே ஒரு நாள்தான் இருந்துச்சு.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய போங்க."

"யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா?"

"தெரியுது சார். நீங்க நிக்கிற வரைக்கும் இவங்க நிமிர மாட்டாங்க. நாங்களும்தான்."

அந்தக் கடைசி வார்த்தை எப்படி வாயிலேருந்து விழுந்துச்சுன்னு இன்னிக்கும் தெரியலை. நோசே தரையைப் பார்த்துக்கிட்டான். கமேதா சார் காது ரெண்டும் செவந்துபோச்சு. வெளிய போய்க் கதவைச் சாத்தினார்.

முதல் பையன், தோகாஷின்னு பேரு, வாசலை ஒரு தடவை பார்த்தான். மட்டையை வீசினான். வீசின வேகத்துல மட்டையைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடிப்போய் எதிர்ச் சுவத்துல முட்டி நின்னான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சாயங்காலம் வரைக்கும் ஒருத்தனும் குனியலை. வியாழக்கிழமை முழுக்கக் கம்ப்யூட்டர் அதைக் கத்துக்கிச்சு.

வெள்ளிக்கிழமை தலைவர் முதல் பந்தையே வெளுத்தார். திரையில அடிச்சவன் மட்டையை வீசிட்டுத் தலைதெறிக்க ஓடி ரெண்டாவது பேஸ்ல சறுக்கி விழுந்தான், புழுதியோட. தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டார். விடாம அரைமணி நேரம் ஆடினார்.

"கமேதா, எப்படிய்யா சாதிச்சீங்க?"

கமேதா சார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் வெளிய போனேன் சார். அடுத்த கேமையும் இந்தப் பொண்ணே பண்ணட்டும். நான் அந்தப் பக்கமே வரலை."