தகரப் பெரியவரின் குரல்

நான் பல் செட் கட்டுகிறவள். பல் டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். நான் பிளாஸ்டரில் வாயை வார்த்து, மெழுகில் பல் நட்டு, ரோஸ் நிற அக்ரிலிக்கில் ஈறு செய்து திருப்பி அனுப்புவேன். இந்த ஊரில் எத்தனையோ பேர் என் கைப் பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும், மனிதர்களோடு ஒத்துப்போகாது. வீட்டில் பேசுவதற்கென்றே என் அக்கா இருந்தாள்.

அவள் பேச்சைச் சும்மா பேச்சு என்று சொல்லிவிட முடியாது. தவறான எண்ணுக்குப் போன் போட்டுவிட்டு, எடுத்தவரின் மருமகள் எப்படிப்பட்டவள் என்பது வரை விசாரித்துவிட்டுத்தான் வைப்பாள். கடையில் ஒரு ஊசி வாங்கப் போனால் முக்கால் மணி நேரம். அத்தான் உயிரோடு இருந்தபோது, "என் காதுக்கு யாராவது ஒரு நாள் லீவு குடுங்கப்பா" என்று கும்பிடுவார். அவர் போன பிறகு அக்கா என்னோடு வந்துவிட்டாள். அவர் காதுக்குக் கிடைத்தது எல்லாம் என் காதுக்கு வந்தது.

எட்டு மாதத்துக்கு முன் அவள் தொண்டையில் ஒரு கட்டி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டியதாயிற்று. இப்போது அவள் மூச்சு விடுவது கழுத்தில் போட்ட ஒரு சின்னத் துளை வழியாக. பேசுவதற்கு டார்ச் லைட் போல ஒரு கருவி கொடுத்தார்கள். அதைத் தாடைக்குக் கீழே அழுத்திப் பொத்தானைத் தட்டினால் 'ர்ர்' என்று அதிரும். வாயை மட்டும் அசைத்தால் போதும், அந்த அதிர்வு சொல்லாகிவிடும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, ஆனால் புரியும்.

மூன்றே நாளில் கற்றுக்கொண்டாள். நான்காம் நாள் மருந்துக்கடையில் அதை வைத்துப் பஞ்சு கேட்டாள். கவுண்ட்டரில் இருந்த பெண் இரண்டடி பின்னால் போனாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து மின்சார ஆபீசுக்குப் போன் செய்தாள். ஏதோ விளம்பர மிஷின் என்று நினைத்து மூன்று முறையும் வைத்துவிட்டார்கள். அக்கா அந்தக் கருவியை மேஜை டிராயரில் போட்டு மூடினாள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டாள். அன்றோடு சரி.

"இப்படியே விட்டா நாக்கு சோம்பேறி ஆயிடும். ஒரு வருஷம் பேசாம இருந்தவங்க பெரும்பாலும் திரும்பப் பேசறதே இல்ல," என்று பேச்சுப் பயிற்சிக்காரர் என்னிடம் சொன்னார். அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் ஆகிவிட்டார்கள். "அவங்களுக்கு என்ன வேணும்?" "அவங்களுக்கு வலி இருக்கா?" எல்லாம் என்னிடம்தான். நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் ஓடிவிட்டது.

இந்த நேரத்தில்தான் லிஃப்ட்காரர் வந்து சேர்ந்தார். தொழில் லிஃப்ட் மெக்கானிக், வயது ஐம்பத்திரண்டு, புத்தி பத்தைத் தாண்டவில்லை என்று அவர் மனைவியே சொல்வாள். சின்ன வயதில் தியேட்டரில் பார்த்த ஒரு பழைய விண்வெளிப் படம். கருப்பு வெள்ளை. விபத்தில் சிக்கிய ராக்கெட்டில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தை ஒரு ரோபோ காப்பாற்றும். அந்தப் படத்தின் மேல் பைத்தியமான இவர்கள் கூட்டம் அந்த ரோபோவை மரியாதையாகப் 'பெரியவர்' என்றுதான் சொல்லும். படம் வந்த வருஷம் விற்ற சாவி கொடுக்கிற தகரப் பொம்மை இவரிடம் மூன்று இருக்கிறது. எட்டு அடி நடந்து குப்புற விழும். பெரியவர் படம் போட்ட டிபன் டப்பா, ஸ்டிக்கர், கிழிந்த போஸ்டர் எல்லாம் ஒரு ஷெட் நிறைய. அது போதாதென்று, பழைய லிஃப்ட் கதவுத் தகடுகளை வெட்டி ஏழடி உயரத்தில் பெரியவரையே கட்டிக்கொண்டிருந்தார். பெரியவரின் கண்களுக்குக் கண்ணாடி மாதிரி அக்ரிலிக் வார்த்துத் தர ஆள் தேடித்தான் என்னிடம் வந்தார்.

"பல்லு கட்டறவகிட்ட கண்ணு கேக்கறீங்களே, வெக்கமா இல்ல?" என்றேன்.

"பல்லுக்குள்ள இவ்வளவு நுணுக்கம் பண்றவங்க கண்ணை விட்டுடுவீங்களா மேடம்?" என்றார். ஆள் கெட்டிக்காரர்தான்.

அவருடைய பெரிய துக்கம் குரல். படத்தின் பிரதி எங்கும் கிடைக்காததால் தானே செய்ய முயன்றும், இரண்டு வருஷமாகப் பெரியவரின் குரல் வரவில்லை. மின்விசிறிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தார். காலி டிரம்முக்குள் தலையை விட்டுப் பேசினார். கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்தார். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு அவர் கூட்டாளிகள் "இது பெரியவர் இல்ல" என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்களாம். இதை எல்லாம் என்னிடம் வந்து ஒப்பிப்பார். நான் பாலிஷ் மோட்டாரைப் போட்டுவிடுவேன். அக்கா உள் அறையை விட்டு வரமாட்டாள்; யார் வந்தாலும் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அன்று பகல் நான் ஒரு மேல்வரிசைப் பல் செட்டை டாக்டரிடம் காட்டிவிட்டு, சின்னத் திருத்தத்துக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். என் வாசலில் லிஃப்ட்காரர் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறார். முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் தண்ணீர்.

"மேடம்! எப்போ செஞ்சீங்க? ஒரு வார்த்தை சொல்லலையே!"

"என்னத்தைய்யா செஞ்சேன்?"

"குரலு! பெரியவர் குரலு! ரெண்டு வருஷமா நான் தலைகீழா நின்னு தண்ணி குடிக்கறேன். நீங்க கமுக்கமா கதவுக்குப் பின்னாடி மாட்டி வச்சிருக்கீங்க! மணி அடிச்சா பேசற மாதிரி! அய்யோ, என்ன சர்க்யூட்டு இது? நீங்களே கேளுங்க..."

மணியை அடித்தார்.

உள்ளேயிருந்து அந்தத் தட்டையான அதிர்வு வந்தது. "அவ வீட்ல இல்ல. எத்தனை தடவைய்யா சொல்றது? நாளைக்கு வா."

"பாத்தீங்களா! ஒவ்வொரு தடவையும் வேற வேற டயலாக்!" என்று கை தட்டினார்.

எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. "அது என் அக்காய்யா! தொண்டையில ஆபரேஷன் ஆனவ! மனுஷிய்யா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கையில் இருந்த டப்பாவை அவர் தலையில் போட்டிருப்பேன். உள்ளே ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியின் பல் இருந்ததால் தப்பித்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். அக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தக் கருவி. தோள் இரண்டும் குலுங்கியது. எட்டு மாதம் கழித்து வாயைத் திறந்தவளை ஒரு கிறுக்கன் மிஷின் என்று சொல்லிவிட்டானே, இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாளே என்று பதறினேன். தோளைத் தொட்டுத் திருப்பினேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்புக்கு இப்போது சத்தம் கிடையாது. கழுத்துத் துளையில் மூச்சு மட்டும் உஸ் உஸ் என்று போய்வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கருவியைத் தாடையில் வைத்தாள்.

"மணிச் சத்தம் தாங்காமத்தான் இதை எடுத்தேன். ஆறு தடவை மணி அடிச்சான்டி. ஆறு தடவையும் கை தட்டினான்."

லிஃப்ட்காரர் வாசற்படியைத் தாண்டாமல், "அக்கா, தெரியாமப் பண்ணிட்டேன். என்னைச் செருப்பால அடிங்க," என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"நீ வந்து வந்து ஒப்பிக்கறியே, அது என்ன படம்?" என்று கேட்டாள்.

போதாதா? ஒன்றரை மணி நேரம் கதை சொன்னார். அக்கா நடுவில் பதினேழு கேள்வி கேட்டாள். நான் எண்ணினேன். கடைசியில் அவர் தயங்கித் தயங்கி, பெரியவருக்கு நாலே நாலு வசனம் பேசித் தர முடியுமா என்று கேட்டார்.

"அதெல்லாம் முடியாது," என்றேன் நான். "அவளுக்குக் கூச்சம். ஊர் கூடி வேடிக்கை பாக்க அவ என்ன பொம்மையா?"

அக்கா கையால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள். மெழுகுக் கத்தி எகிறி விழுந்தது. "ஞாயித்துக்கிழமை வரேன்," என்றாள், என்னைப் பார்க்காமலே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். ஷெட்டில் எதிரொலி வராமல் இருக்க லிஃப்ட்காரரின் மனைவி கம்பளிகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். நடுவில் ஏழடிப் பெரியவர், நான் வார்த்த கண்களோடு. பரவாயில்லை, பல்லைவிடக் கண் நன்றாகவே வந்திருந்தது. மனைவிதான் பதிவு செய்தாள். "இந்தத் தகரத்துக்குப் போட்ட பாலிஷை எனக்குப் போட்டிருந்தா நானும் மின்னியிருப்பேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே மைக்கைச் சரி செய்தாள்.

அக்கா தாளைப் பார்த்து, கருவியை அழுத்தி, படித்தாள். "காற்று குறைவாக இருக்கிறது. பேசாதீர்கள். நான் உங்களைக் கைவிட மாட்டேன்."

லிஃப்ட்காரர் ஒரு டூல் பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தார். முணுமுணுத்துக்கொண்டிருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்தக் குரலுக்குப் பயந்து சீட்டுக்கு அடியில் ஒளிந்தாளாம். "அதே குரலுங்க," என்றாள். மீதி வசனங்களும் முடிந்தன. எல்லோரும் கை தட்டினோம். கருவியைக் கீழே இறக்குவாள் என்று பார்த்தேன். இறக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"உன் டீயில சர்க்கரை பத்தலை. எட்டு மாசமா பத்தலை. இதை நோட்டுல எழுதி நீட்டினா சண்டை போடற மாதிரி இருக்கும்னு குடிச்சுத் தொலைச்சேன்."

"அக்கா, இங்கயா..."

"இங்கதான். காலண்டரைக் கோணலா மாட்டியிருக்க. உன் மோட்டார் சத்தத்துல மதியம் தூங்க முடியல. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட நான் தூங்கறேன்னு பொய் சொல்லி ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்ட. எனக்குக் காது நல்லாக் கேக்குது. நான் பாதி எழுதறதுக்குள்ள மீதியை நீயே சொல்லிடற. டாக்டர்கிட்ட 'எனக்கு'ன்னு எழுத ஆரம்பிச்சேன். 'அவளுக்குப் பசியில்ல டாக்டர்'னு நீ சொல்லிட்ட. பசி இல்லன்னு எழுதவா வந்தேன்? எனக்குப் பயமா இருக்குன்னு எழுத வந்தேன்டி."

எல்லாம் ஒரே சுருதியில், ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல். ஆனால் என் அக்காவின் பேச்சுத்தான் அது, எழுத்துக்கு எழுத்து. அரை மணி நேரம் பேசினாள். அத்தானைப் பற்றி, ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை வண்ணத்தைப் பற்றி, மருந்துக்கடைப் பெண்ணுக்கு அவள் சொல்ல நினைத்த பதில் பற்றி. யாரும் குறுக்கே பேசவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. பிறந்ததிலிருந்து அவள் பேச நான் கேட்டுக்கொண்டிருந்தவள். இந்த எட்டு மாதத்தில் முதல் முறையாக எல்லோரும் என் முகத்தைப் பார்த்துப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், பிடித்துத்தான் இருந்தது. டிராயரைத் திறந்து கருவியை அவள் கையில் கொடுக்க எனக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா?

"அக்கா, இந்தக் கடைசிப் பகுதியை அழிச்சிடட்டுமா?" என்று லிஃப்ட்காரர் மெதுவாகக் கேட்டார்.

"வச்சிரு. இவ மறந்தாப் போட்டுக் காட்டணும்."

நான் யாருக்கும் சுலபமாக நன்றி சொல்கிறவள் இல்லை. ஆனால் அந்த ஷெட்டில், துருப்பிடித்த டிபன் டப்பாக்களுக்கு நடுவில் நின்று, மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன். ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து, ஓர் இரும்பு மனிதன் எப்படிப் பேசுவான் என்று யோசித்த அந்தப் பேர் தெரியாத ஆளைக் கும்பிட்டேன். எட்டு அடி நடந்து விழும் பொம்மை செய்து விற்றவர்களைக் கும்பிட்டேன். ஊர் சிரித்தாலும் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த இந்தக் கிறுக்கரையும் கும்பிட்டேன். உலகமே முகம் சுளித்த குரலைக் கேட்க அவர் இரண்டு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தார். நல்லா இருக்கட்டும், மகராசன்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் நின்றோம். கையில் ஒரு முகவரிச் சீட்டோடு ஒருவர் வந்து, எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று என்னிடம் கேட்டார். பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன்.

அவள் கழுத்துத் துணியைச் சரி செய்துகொண்டு கருவியைத் தாடையில் வைத்தாள். அந்த ஆள் திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனார். அவள் விடவில்லை. "பயப்படாதீங்க, கடிக்க மாட்டேன். எதிர்ப்பக்கம் போய் நின்னு எந்த பஸ்ஸுன்னாலும் ஏறுங்க. மூணாவது நிறுத்தத்துல இறங்கணும். கண்டக்டர் நாலாவதுன்னு சொல்லுவான், நம்பாதீங்க. யார் வீட்டுக்குப் போறீங்க? பொண்ணு வீடா? மாப்பிள்ளை என்ன பண்றாரு?"

அவர் மெல்ல மெல்ல அந்த ஓரடியைத் திரும்ப முன்னால் வந்தார். மாப்பிள்ளை என்ன பண்ணுகிறார் என்று சொன்னார். பேரன் பிறந்திருப்பதைச் சொன்னார். எதிர்ப்பக்கம் அவர் போக வேண்டிய பஸ் ஒன்று வந்து, நின்று, போய்விட்டது. கடைசியில் அக்காவின் முகத்தைப் பார்த்து, "ரொம்ப நன்றிம்மா," என்றார்.

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.