கரி பஸ்ஸும் ஒரு ஜோடி மாடும்

சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததும், திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் ஓடிய பஸ்ஸைக் கரிப்புகையில் ஓட்ட அதன் முதுகில் ஒரு கரியடுப்பைக் கட்டிவிட்டார்கள். ஏறும்போது வெள்ளை வேட்டி, இறங்கும்போது கறுப்பு வேட்டி. அந்த அழகுக்கும் கூட்டம் குறையவில்லை. வண்டிக்காரன் யோபுவுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

போதாக்குறைக்கு, பஸ்ஸை ஓட்டியவன் அவன் மனைவி தபிதாளின் தம்பி எலியாஸ். அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவான். இருவரும் ஒரே மாட்டுவண்டியைக் கூட்டாக ஓட்டியவர்கள். செவலை மாடு யோபுவுடையது, மயிலை மாடு எலியாஸுடையது. செவலை வலப்பக்கம், மயிலை இடப்பக்கம் என்று சின்னதிலிருந்தே பழகிய ஜோடி. லுங்கி மூட்டைகளை ஆற்று மணல் தாண்டி ரயிலுக்குச் சேர்ப்பதில் அவற்றை மிஞ்ச வேறு ஜோடி இல்லை. எலியாஸ் காக்கிச் சட்டை மாட்டியதும் மயிலையை விற்றுவிடத் துணிந்துவிட்டான். விற்காதே என்று ஒரு வார்த்தை சொல்ல யோபுவின் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. இருவருக்கும் பேச்சே நின்றுபோனது.

சந்தை நாளன்று, செவலையோடு இரவல் மாடு ஒன்றைப் பூட்டிக்கொண்டு யோபு ஆற்றுக்கு வந்தான். நடு ஆற்றில் பஸ் அச்சு வரைக்கும் மணலில் புதைந்து கிடந்தது. ஜனங்கள் இறங்கிக் கரையேறிவிட்டார்கள். எலியாஸ் மட்டும் சக்கரத்தடியில் கையால் மணலை வாரிக்கொண்டிருந்தான். நகரி மலைப்பக்கம் கறுத்து இடித்தது. மணலில் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது.

யோபு வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். வெள்ளம் பஸ்ஸை உருட்டினால் மச்சானுக்கு வேலை போகும். வேலை போனால் வண்டிக்குத் திரும்புவான், மயிலையும் திரும்பும். அதற்கு யோபு ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும். கொஞ்ச நேரம் சும்மாதான் நின்றான்.

எலியாஸ் நிமிர்ந்து பார்த்தான். உதவி கேட்கவில்லை, அவனுக்கும் அதே ரோஷம். ஆனால் முகத்துக் கரியில் கண்ணீர் கோடு போட்டிருந்தது.

யோபு தன்னையே திட்டிக்கொண்டு மாடுகளை வண்டியிலிருந்து அவிழ்த்தான். நுகத்தடியை வடக்கயிற்றால் பஸ்ஸோடு கட்டினான். இரவல் மாடு வயலில் ஏர் இழுத்துப் பழகியது. மணலில் இரண்டடி வைத்ததும் படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, மயிலையைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு எலியாஸின் பக்கத்து வீட்டுக் கஜபதி வந்து சேர்ந்தான். யோபு கயிற்றை வாங்கினான். மயிலை தானாகப் போய் இடப்பக்கம் கழுத்தைக் கொடுத்தது. ஒரே அதட்டல்தான். பஸ் முனகிக்கொண்டே மேலே வந்தது.

எலியாஸ் தாவி ஏறி அதை எதிர்மேட்டில் விட்டான். ஜனங்கள் ஓடி ஓடித் தொற்றிக்கொண்டார்கள். கரி பஸ்ஸை மேட்டில் நிறுத்தினால் மறுபடி கிளப்புவதற்குள் உயிர் போய்விடும், எந்த டிரைவரும் நிறுத்த மாட்டான். யோபு மயிலையின் கழுத்தைத் தடவிவிட்டுக் கயிற்றைக் கஜபதியிடமே திருப்பிக் கொடுத்தான்.

மேட்டில் பஸ் சத்தம் நின்றது. ஜனங்களின் வசவை முதுகில் வாங்கிக்கொண்டு எலியாஸ் இறங்கி வந்தான். கஜபதியின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி யோபுவிடம் நீட்டினான்.

"நீ சும்மா நின்னுகினு இருந்தா பஸ்ஸு ஆத்தோட போயிருக்கும், பாவா. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

"ஆங்," என்றான் யோபு. "வுட்டுடலாமான்னுதான் நின்னேன். அப்புறம் உங்கக்காவுக்கு யாருடா பதில் சொல்றது? போ, போய் அடுப்ப மூட்டு."