மூன்று கதவு யாகப்பன்

மாரண்டஹள்ளி சந்தை முக்கில் யாகப்பன் வைத்திருந்தது ஒரே ஒரு அறை. அதற்குக் கதவு மூன்று, பலகை மூன்று, கடை மூன்று. கோயில் தெருவைப் பார்த்த கதவின் மேல் ‘இசபெல்லா கல்யாண ஸ்டோர்’. பஸ் ரோட்டுக் கதவின் மேல் ‘அமைதி ஸ்டோர்’. அங்கே கோடித்துணி, ஊதுபத்தி, சவப்பெட்டிக்கு ஆணி. சந்தைப் பக்கம் பூச்சிமருந்து. நடுவில் ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு முக்காலி. வாசலில் ஆள் நுழைய நுழைய யாகப்பன் அந்தப் பக்கம் திரும்பி உட்காருவான்.

ஆசைப்பட்டு ஒன்றும் மூன்று கதவு வைக்கவில்லை. தொடக்கத்தில் ஒரே வாசல்தான். “பொணத்துக்குத் துணி கிழிக்கிற கையில தாலிக்கயிறு வாங்கறதா?” என்று ஊர் மூக்கைச் சுளித்தது. ஆறு மாதம் ஈ ஓட்டியபின் சுவரை இடித்துக் கதவு வைத்தான். அடுத்த வாரமே அதே ஊர் வந்து அதே கையில் வாங்கியது. உள்ளே ஒரே ஆள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தால் என்ன? எந்தக் கதவால் நுழைகிறோமோ அந்தக் கடை. அதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தை ஊர் காப்பாற்றிய அழகுக்குச் சிரிப்பதா அழுவதா! மருந்து வாங்க வந்த மாரப்பனுக்குத் தாகமெடுக்கும். தண்ணீர்ப் பானை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். “மருந்துக் கடையில தண்ணி குடிப்பாங்களா?” என்று வெளியே போய், கட்டடத்தைச் சுற்றி, கல்யாணக் கடை வழியாக வந்து அதே பானையில் மொண்டு குடிப்பார். மழையிலும் சுற்றுவார். யாகப்பனும் லேசுப்பட்டவனில்லை. கல்யாணக் கடைக்குச் சட்டை போட்டுச் சிரிப்பான். அமைதி ஸ்டோருக்குச் சட்டையைக் கழற்றி, தோளில் துண்டு போட்டு, குரலைத் தாழ்த்துவான். நாளடைவில் அந்தத் துண்டுக்காரனை வேறொரு ஆளாகவே நினைக்கத் தொடங்கிவிட்டான்.

உள்ளூரில் இதெல்லாம் செல்லும். மகள் ராஜமேரிக்கு வந்த வரன்கள் வெளியூராயிற்றே! பிணத்துணி விற்கிறவன் வீட்டில் பெண் எடுப்பதா என்று இரண்டு இடம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. மூன்றாவது, ஓசூர் இன்னாசியின் மகன். ஃபேக்டரி வேலை. கோயில் திருவிழாவில் பார்த்ததிலிருந்து ராஜமேரிக்கும் அவன்மேல் மனசு. இதுவும் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று யாகப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

“ஓசூர்க்காரரு வர்ற அன்னிக்காவது அந்தப் பலகையக் கழட்டி வெய்யுங்க,” என்றாள் மனைவி லூர்தம்மாள்.

“கழட்டிட்டா அந்தக் கடைக்காரன் பாவம், எங்க போவான்?” என்றான் யாகப்பன். லூர்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிறன்று வருவதாகச் சொன்ன இன்னாசி வெள்ளிக்கிழமையே வந்து பஸ்ஸிலிருந்து இறங்கினார். எதிர்ப்பட்ட கதவில் நுழைந்தார். உள்ளே துண்டோடு ஒருவன் கோடித்துணி மடித்துக்கொண்டிருந்தான்.

“கல்யாணக் கடை யாகப்பன் எங்கீங்க இருப்பாரு? நான் ஓசூரு இன்னாசி. அவரு பொண்ணைக் கேக்கலாம்னு வந்தனுங்க.”

‘நான்தான்’ என்று சொல்லியிருக்கலாம். பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. “அது வேற கடைங்க. சுத்திக்கிட்டுப் போங்க.”

இன்னாசி நகரவில்லை. “பக்கத்துக் கடைக்காரரு, உங்களுக்குத் தெரியாமயா? ஆளு எப்படிங்க?”

இழவு வீட்டாரிடம் பொய் சொல்லக் கூடாதென்று அமைதி ஸ்டோரில் மட்டும் யாகப்பன் ஒருநாளும் பொய் பேசியதில்லை. “பொண்ணு தங்கமுங்க. அப்பன்தான் பயந்தாங்கொள்ளி. ஊருக்குப் பயந்து சுவத்தையே இடிச்சவன்.”

இன்னாசி சுற்றி வருவதற்குள் யாகப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தான். பொத்தான் மாறிப் போயிருந்தது. “வாங்க, வாங்க!” என்று சிரித்தான்.

இன்னாசி அதே மீசையைப் பார்த்தார். மேஜைமேல் கிடந்த துண்டைப் பார்த்தார். தான் முதலில் நுழைந்த கதவை உள்ளிருந்தே பார்த்தார். இன்னாசி பானையில் தண்ணீர் மொண்டு நிதானமாகக் குடித்தார்.

“அந்தக் கடைக்காரரு உங்களப் பத்திச் சொன்னாருங்க. பொண்ணு தங்கமாம். அப்பன் பயந்தாங்கொள்ளியாம்.”

“அவரு சொன்னா சரியாத்தாங்க இருக்கும்,” என்றான் யாகப்பன்.

“உண்மை பேசற மனுசன். அவரு பேச்சை நம்பிப் பொண்ணை எடுக்கறனுங்க. ஆனா ஒண்ணு சம்மந்தி, கோடித்துணிக்காரரு கல்யாணத்துக்கு வந்தா எங்க சனம் ஒத்துக்காது. அவரக் கூப்புடாதீங்க.”

“கூப்புட மாட்டனுங்க!” என்றான் யாகப்பன், சம்மந்தி என்ற சொல் காதில் விழுந்த சந்தோஷத்தில்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. வியர்வை துடைக்க யாரோ துண்டு நீட்டியபோது மட்டும் யாகப்பன் துள்ளி விலகினான். வேனில் ஏறுமுன் ராஜமேரி ஒரு பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள்.

“அந்தக் கடைக்காரருக்குக் குடுத்துடுங்கப்பா. அவரு சொல்லித்தான எனக்குக் கல்யாணமே ஆச்சு. கூப்புடாம உட்டுட்டோமே.”

யாகப்பன் கல்யாணக் கடையைத் திறந்தான். மேஜைக்கு அந்தப்புறம் இரண்டே எட்டு. பொட்டலத்தை வைத்துவிட்டு வந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. வெளியே வந்து பூட்டிவிட்டு, கட்டடத்தைச் சுற்றிப் போய் அமைதி ஸ்டோரைத் திறந்தான். புதுச் சட்டையைக் கழற்றி மாட்டினான். துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான். இரண்டு லட்டு. பெற்ற மகளின் கல்யாணத்துக்கு அழைக்கப்படாதவன் அதைத் தின்றபடி தேம்பித் தேம்பி அழுதான்.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்து, “நல்லா இரு ஆத்தா,” என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.