சங்கம் எழுதிக் கொடுத்த கடிதம்

அருப்புக்கோட்டை நூல் மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் வேலை பார்த்த ஜக்கம்மாள், இடுப்பில் கை வைத்த மேஸ்திரியை எல்லோர் முன்னாலும் அறைந்துவிட்டாள். மறுநாளே மில் அவளை வேலையை விட்டு நீக்கியது. அறுபத்தாறாம் வருஷம் மாசி மாதம் அது.

அவள் நேரே சங்கத்துக்குத்தான் வந்தாள். "நாங்க பாத்துக்கிறோம், நீ தைரியமாப் போ" என்றார் செயலாளர் செல்வதுரை. சொன்னபோது மனசாரத்தான் சொன்னார். ஆனால் நாற்பது தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கும் பேச்சு அந்த வாரம்தான் முடிகிற நிலையில் இருந்தது.

"அந்தப் பொம்பளை விவகாரத்தை விட்டுருங்க. நாளைக்கே கையெழுத்துப் போடுறேன்" என்றார் மேனேஜர்.

ஒருத்தியா, நாற்பது பேரா? இரண்டு நாள் செல்வதுரை மேனேஜரிடம் சாக்குச் சொல்லி இழுத்தார். மூன்றாம் நாள், ஜக்கம்மாள் விஷயத்தில் சங்கம் தலையிடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவளிடம், "பேசிக்கிட்டு இருக்கோம்மா" என்றே சொல்லிவந்தார். சங்கம் கையில் எடுக்காத தனியாள் வழக்கு நிற்காது. அவருக்குத் தெரிந்த சட்டம் அதுதான்.

அந்தச் சட்டம் மூன்று மாதத்துக்கு முன்பே மாறியிருந்தது. வேலை போனவர் சங்கம் இல்லாமலே தாவா எழுப்பி வழக்காடலாம். பாளையம்பட்டியில் மனு எழுதுகிறவர் சொல்லித்தான் ஜக்கம்மாளுக்கு அது தெரிந்தது. மனுப் போட்டாள். மதுரையிலிருந்து விசாரணைக்கு ஓலை வந்ததும் செல்வதுரையைத் தேடி வந்தாள்.

"எனக்கு அங்க பேச வராது. நீங்க கூட வாங்கண்ணே."

விசாரணை அன்று அவர் அவளோடு மதுரைக்குப் பஸ் ஏறினார்.

லேபர் ஆபீசர் முன்னால் மேனேஜர் அந்தக் கடிதத்தை எடுத்து வைத்தார். ஜக்கம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. "அதுல என்னண்ணே எழுதியிருக்கு?"

செல்வதுரை வாசித்தார். அடியில் இருந்த தன் பெயரையும் சேர்த்தே வாசித்தார்.

"சங்கம் விட்டாலும் இந்தம்மா கேக்கலாம், சட்டம் வந்தாச்சு" என்று ஆபீசர் கடிதத்தை ஒதுக்கினார். மில் இறங்கி வரவில்லை. வழக்கு கோர்ட்டுக்குப் போனது.

திரும்பி வருகிற பஸ்ஸில், நாற்பது பேருக்காகத்தான் எழுதிக் கொடுத்தேன் என்று அவர் சொன்னார். அருப்புக்கோட்டை எல்லை வந்தபோது அவள் சொன்னாள்.

"அந்த நாப்பது பேருல என் தம்பி சீனிச்சாமியும் இருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன்."



ஒரு வருஷம் கழித்து அவளை மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அந்த மாதமே செல்வதுரை பதவியை விட்டார். கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றார். கடிதத்தைப் பற்றி ஜக்கம்மாள் மில்லில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவரோடும் அவள் அப்புறம் பேசவில்லை.