உறை பிரிக்காத ஸ்டூல்

கல்யாணப் பட்டு எடுக்க வந்த அம்பாசமுத்திரத்துக் குடும்பம், பட்டுப் பிரிவில் பாதியை மெத்தை மேல் விரிக்க வைத்துவிட்டு, "பாத்துட்டு வாறோம்" என்று எழுந்து போயிருந்தது. பார்த்துவிட்டு வருகிறோம் என்றால் வரமாட்டோம் என்று அர்த்தம். துணி வியாபாரம் தெரிந்த எவனும் அதற்குப் பிறகு வாசலைப் பார்ப்பதில்லை. பெனிஷாவும் பார்க்கவில்லை. விரித்ததை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கத் தொடங்கினாள். நின்றுகொண்டுதான். வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை, விற்கிறவர்களுக்கு டைல்ஸ் தரை. செருப்பிலிருந்து வலது காலை உருவி, அலமாரியின் கீழ்த்தட்டு விளிம்பில் ஏற்றி வைத்து, உடம்பின் பாரத்தை இடது காலில் போட்டாள். சில சேலை மடித்ததும் கால் மாற்ற வேண்டும். கால் மாற்றுவது கேமராவில் தெரியாது. இடுப்பு சாய்ந்தால் தெரியும். தெரிந்தால், ஊரே கேட்க ஒலிபெருக்கியில் பெயர் வரும்.

இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவள் பக்கத்துத் தட்டு ஹமீது பீவி. மேலப்பாளையத்துக்காரி. பதினோரு வருடமாக அதே இடத்தில் நிற்கிறாள். யூனிஃபார்ம் சேலைக்குள் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை பட்டைத்துணி சுற்றியிருப்பாள். நரம்பு சுருண்டுபோச்சு, இனிமேல் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அவள் ஒரு நல்ல வேடிக்கையாக எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். தண்ணீரும் காலையில் ஒரு மடக்கோடு சரி. கழிவறை ஐந்தாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும்.

பெனிஷா பாளையங்கோட்டையில் கணிதம் படித்தவள். உவரிப் பக்கத்துக் கடற்கரையில் அவள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. கல்லூரிக்கு வந்த சென்னைக் கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் முழுக்கக் கணினி முன் உட்கார வைத்துவிட்டு, கூப்பிடுவோம் என்று போனார்கள். அதுவும் பார்த்துட்டு வாறோம் வகைதான். ஒரு வருடம் காத்திருந்த பிறகு, பாளையங்கோட்டையை அடுத்த வண்ணாரப்பேட்டை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இந்த ஐந்து மாடிக் கடையில் நேர்முகத் தேர்வு என்று கேள்விப்பட்டு வந்தாள். மேனேஜர் குமரகுருபரன் கேட்டது இரண்டே கேள்வி. எவ்வளவு நேரம் நிற்பாய்? ஒரிஜினல் கொண்டு வந்திருக்கிறாயா? நிற்பேன் என்றாள், கொண்டு வந்திருக்கிறேன் என்றாள். வேலை கிடைத்தது. சான்றிதழ்க் கவர் முதலாளி அறைப் பீரோவுக்குள் போனது. இரண்டு வருடம் வேலையை விடக்கூடாது, அதற்கு ஈடாம்.

படித்தவர்களுக்குக் கடையில் மரியாதை இல்லாமல் இல்லை. பிளஸ் டூக்காரிக்கு நைட்டிப் பிரிவு என்றால் பட்டதாரிக்குப் பட்டுப் பிரிவு. வாசலில் தலைப்பாகையும் ஒட்டுமீசையுமாக சல்யூட் அடிக்கிறவன் சரித்திரம் படித்தவன். லிஃப்டில் பொத்தான் அழுத்துகிற ஜோன்ஸ் மெக்கானிக்கல் இன்ஜினியர். "படிச்சதுக்கும் பாக்குத வேலைக்கும் சம்பந்தம் இல்லேன்னு எவனும் என்னச் சொல்ல முடியாது. மெஷினுக்குள்ளயே இருக்கேன்" என்பான்.

இப்போது பெனிஷாவுக்கு அரசுத் தேர்வில் இடம் வந்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் போனால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவள் கேட்க ஆரம்பித்துப் பல நாளாயிற்று. ஆடிட்டர் வரட்டும் என்றார் குமரகுருபரன். பிறகு, சாவி முதலாளியிடம் என்றார். நேற்று, ஆடித் தள்ளுபடி முடியட்டும், ஆள் பற்றாக்குறை என்று உண்மையையே சொல்லிவிட்டார். இன்று சனிக்கிழமை.

நேற்று இரவு ஹாஸ்டலிலிருந்து அம்மாவிடம் போனில் இதைச் சொல்லி அழுதாள். மார்கரெட் கடற்கரையில் மீன் விற்கிறவள். திசையன்விளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் வியாபாரிகளிடம் விலை பேசும்போது மீன் பெட்டியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள். எப்பேர்ப்பட்ட ஆளானாலும் சரி, காசு கைக்கு வராமல் அந்தக் கால் இறங்காது. மகளின் அழுகையை முழுசாகக் கேட்டு முடித்து அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"நீ எதுக்குட்டி பெட்டியில இருந்து காலை எடுத்த?"

பெனிஷா போனை வைத்தாள். படுக்கப் போகுமுன் தன் துணிமணிகளைப் பையில் அடுக்கிக் கட்டி வைத்தாள்.

அம்பாசமுத்திரத்துச் சேலைகள் மடித்து முடிகிற நேரம் லிஃப்ட் திறந்தது. ஜோன்ஸும் இரண்டு சுமை ஆட்களும் ஸ்டூல்களை இறக்கினார்கள். வட்ட மெத்தை வைத்த, பளபளவென்ற இரும்புக் கால் ஸ்டூல்கள். மெத்தையில் பாலிதீன் உறை அப்படியே இருந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்து வருடங்களாயிற்று. அந்தச் சட்டம் ஐந்தாம் மாடி குடோனில் பத்திரமாக இருந்திருக்கிறது.

குமரகுருபரன் கைதட்டி எல்லோரையும் கூட்டினார். தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அம்மா ஆய்வுக்கு வந்து கீழே காரை விட்டு இறங்கியாயிற்று. ஆளுக்கு ஒரு ஸ்டூலில் உட்கார வேண்டும். உறையைக் கிழிக்கக்கூடாது. அவர் மறுபடி கைதட்டும்போது எழுந்துவிட வேண்டும். கேள்வி ஏதும் கேட்டால் பெனிஷா மட்டும் பேசவேண்டும். படித்த பிள்ளை, திக்காமல் பேசும். போன தடவை டவுனில் வேறொரு கடையில் ஒரு பெண் பயத்தில் உளறிவிட்டாளாம். அதனால் அவள் சொல்லவேண்டியதை அவரே சொல்லிக்கொடுத்தார். எங்களுக்கு எப்போதும் ஸ்டூல் உண்டு மேடம், ஆள் இல்லாத நேரம் உட்கார்ந்துகொள்வோம்.

எல்லோரும் கூச்சத்தோடு உட்கார்ந்தார்கள். ஹமீது பீவி உட்காரும்போது வாயிலிருந்து ஒரு மூச்சு வந்தது. அரிசி மூட்டையை இறக்கியவன் விடுகிற மூச்சு அது. பெனிஷா மட்டும் நின்றாள்.

"ஒக்காரு. சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றார் குமரகுருபரன்.

"என் சர்டிபிகேட் சார்."

"அத அப்புறம் பாக்கலாம். மொதல்ல இதச் சொல்லி முடி. முடிச்ச ஒடனே கையில தாறேன்."

"கையில தந்த பொறவு வாயத் தொறக்கேன்."

அவர் சுற்றிலும் பார்த்தார். பெண்கள் எல்லோரும் டைல்ஸைப் பார்த்தார்கள்.

"கடையில நின்னுக்கிட்டு என்கிட்டயே பேரம் பேசுதியா?"

"இங்கன நின்னுதான சார் படிச்சேன்."

"இந்த நிமிசமே வேலைய விட்டுத் தூக்கிருவேன், தெரியும்லா?"

"இந்த நிமிசமேவா சார்?" என்று பெனிஷா உண்மையிலேயே சந்தேகம் கேட்பவள் போலக் கேட்டாள். கீழ் மாடியில், சட்டைப் பிரிவில், அந்த அம்மாவின் குரல் கேட்டது.

ஹமீது பீவி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஏளா, பையப் பேசு. திங்கக்கெழம போகணும்லா ஒனக்கு. கெடுத்துக்கிடாத."

குமரகுருபரன் மூலைக்குப் போய்ப் போனில் பேசினார். சற்று நேரத்தில் லிஃப்டிலிருந்து முதலாளியே இறங்கினார். ஐயம்பெருமாள் அண்ணாச்சி சைக்கிளில் துணி மூட்டை கட்டி ஊர் ஊராகப் போய் விற்று ஐந்து மாடி எழுப்பியவர். தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் மடித்த துண்டுக் காகிதங்கள். கையில் பெனிஷாவின் பழுப்பு நிறக் கவர் இருந்தது. அவரது வியாபாரக் கணக்கு அநேகமாகத் தப்பாது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், முக்கியமான நேரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் எதிராளி நெஞ்சு குளிர்ந்துபோவான், பிறகு கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவான். நாற்பது வருடம் சேலை விற்றதில் அவர் கண்ட உண்மை இது.

"இதுக்கா இவ்வளவு பேச்சு? குமரா, நம்ம பக்கத்துப் பிள்ளைவே இது. கொடுத்திருக்கக் கூடாதா?" என்று மேனேஜரைக் கடிந்துகொண்டு கவரை நீட்டினார். "இந்தா தாயி. நல்லா இரு. மேல வாற அம்மா கேட்டா, கடைக்கு நல்லபடியாச் சொல்லு."

பெனிஷா வாங்கினாள். கவரைத் திறந்து உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அண்ணாச்சி புன்சிரிப்போடு காத்திருந்தார். சரக்கைப் பிரித்துப் பார்க்கிறவர்களை அவருக்குப் பிடிக்கும்.

"சொல்லுவலா?"

"இது என்னோடது அண்ணாச்சி. என்னோடத எனக்குத் தந்துட்டு அதுக்கு வெல கேக்கீங்க."

அண்ணாச்சியின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் குறுகியது. அதற்குள் படியேறி வந்துவிட்டார் அந்த அம்மா. நடுவயசு, பருத்திச் சேலை, கையில் ஒரு தோல் பை. மூச்சு வாங்கியது. லிஃப்ட் இருக்கிறதே என்றார் அண்ணாச்சி. நீங்கள் உங்கள் ஆட்களை ஏற்றுகிற வழியாகவே வந்தேன் என்றார் அவர்.

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்துக்கொண்டு. அந்த அம்மா பெனிஷாவுக்கு என்று போட்டிருந்த ஸ்டூலில் தான் உட்கார்ந்து பார்த்தார். பாலிதீன் மொறுமொறுவென்று சத்தம் போட்டது. எழுந்து, ஸ்டூலின் அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினார்.

"இதெல்லாம் எப்பவும் இங்கேயே இருக்குமா?"

குமரகுருபரன் பெனிஷாவைப் பார்த்தார். பெனிஷா கவரை மார்போடு சேர்த்துக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஒரு வருசமா இங்கன நிக்குதேன் மேடம். ஸ்டூல இன்னைக்குத்தான் மொதமொதப் பாக்கேன். சார் கைதட்டினா எந்திரிக்கணும். நீங்க போன பொறவு தட்டுவாங்க."

பழைய ஸ்டூல் எல்லாம் தேய்ந்துவிட்டது, புதிது மாற்றியிருக்கிறோம், பழையது மேலே இருக்கிறது என்று அண்ணாச்சி சொல்லத் தொடங்கினார். அப்படியானால் மேலே போய்ப் பார்த்துவிடலாமே என்றார் அந்த அம்மா.

"சாவி..." என்றார் குமரகுருபரன்.

அப்போது ஹமீது பீவி, இதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், உட்கார்ந்தபடியே சேலை விளிம்பை ஒரு சாண் தூக்கினாள். பட்டைத்துணியின் முடிச்சை அவிழ்த்து, இரண்டு சுற்றுப் பிரித்தாள். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, நரம்புகள் மண்ணுக்கு மேல் எழும்பிய வேர்களைப் போல முறுக்கிக்கொண்டு நின்றன. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். பையிலிருந்து காகிதத்தை எடுத்து நின்றபடியே எழுதினார். நோட்டீஸ் வரும், பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். அண்ணாச்சி பணிவோடு போட்டுக்கொடுத்தார். இப்படி வந்த நோட்டீஸ்கள் அவர் பீரோவில் ஏற்கெனவே சில இருந்தன. அந்த அம்மா படியிறங்கிப் போனார். கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்கும்வரை யாரும் அசையவில்லை.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. "கடக்கரைப் பிள்ளைன்னு சொன்னப்பவே யோசிச்சிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். பிறகு, "பொழுது சாயுமுன்னால ஹாஸ்டலக் காலி பண்ணிரு."

"நேத்தே பைய கெட்டி வச்சாச்சு அண்ணாச்சி."

குமரகுருபரன் கைதட்டினார். பெண்கள் எழுந்தார்கள். சுமை ஆட்கள் ஸ்டூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி லிஃப்டுக்குள் தள்ளத் தொடங்கினார்கள். ஹமீது பீவி எழுந்திருக்கவில்லை. காலில் பட்டைத்துணியை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு முறை தட்டினார். அவள் முடிச்சைப் போட்டாள். பக்கத்தில் பெனிஷாவுக்குப் போட்டிருந்த ஸ்டூல் காலியாகக் கிடந்தது. சுமை ஆள் அதை எடுக்கக் குனிந்தபோது, கட்டுப் போட்ட காலைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

"கீழ எறக்கினா வலிக்குது சார்" என்றாள். "நீங்க தட்டிக்கிட்டு இருங்க."

தட்டில் எட்டுகிற சேலை ஒன்றை மடியில் இழுத்துப்போட்டு மடிக்க ஆரம்பித்தாள். குமரகுருபரன் கையைத் தட்டாமல் பாதியில் வைத்திருந்தார். புதிதாக ஒரு குடும்பம் படியேறி வந்துவிட்டது. அவர்கள் எதிரில் ஒரு பெண்பிள்ளையின் காலைப் பிடித்து இறக்குவதெப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

பெனிஷா கவரோடு படிக்கட்டுக்கு வந்தாள். முதல் பந்திச் சாப்பாட்டுக்கு ஐந்தாம் மாடி போகிற பெண்கள் எதிரே ஏறி வந்தார்கள். ஒரு கை சுவரில், ஒரு கை முழங்காலில். ஒருத்தி போகிற போக்கில் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மாடி முனையில் லிஃப்ட் இன்னும் திறந்திருந்தது. உள்ளே, உறை கலையாத ஸ்டூல்கள் கூரை வரை நெருக்கியடித்து நின்றன. அவற்றின் இரும்புக் கால்களுக்கு நடுவே கிடைத்த இடுக்கில், வயிற்றை எக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றபடி, ஜோன்ஸ் கையை நீட்டி ஐந்தாம் எண்ணை அழுத்தினான். கதவு மூடிக்கொண்டது.